ஓப்பன் சோர்ஸ் அறக்கட்டளைக்குள் எதை யாரிடம் கேட்பது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரிய ஓப்பன் சோர்ஸ் அறக்கட்டளை ஒன்றின் திட்டத்தில் பங்களிக்க வருகிறவர்கள், கம்பெனியில் வேலை பார்த்த பழக்கத்தில், முதலில் தேடுவது மேலே யார் இருக்கிறார்கள் என்பதைத்தான். ஒரு குழு நம் பேட்சை (நாம் எழுதி அனுப்பிய திருத்தத்தை) எடுத்துக்கொள்ள மறுத்தால் அதற்கு மேலே ஒருவர் இருப்பார், அவர் காதில் போட்டால் காரியம் நடந்துவிடும் என்று ஒரு கணக்கு. அப்படி ஒருவர் அங்கே கிடையாது. அப்பாச்சி அறக்கட்டளையின் இயக்குநர் குழுவே தன் திட்டங்களில் ஒன்றான டாம்கேட்டில் எந்த வசதி வரவேண்டும் என்று சொல்வதில்லை, அது டாம்கேட் குழுவின் வேலை. இந்த ஒரு விஷயம் பிடிபடாமல், நல்ல திறமை உள்ளவர்கள் சில மாதங்களிலேயே சலித்துப்போய் விலகுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு எல்லை இருக்கிறது, அந்த எல்லைக்குள் அது சொல்வதுதான் முடிவு, அதைத் தாண்டிப் போகவேண்டும் என்றால் பக்கத்துக் குழுவிடம் பேசித்தான் ஆகவேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதுதான்.

1. அறக்கட்டளை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

அறக்கட்டளை என்பது சட்டப்படி ஒரு நிறுவனம். திட்டத்தின் பெயரும் லோகோவும் அதன் பேரில் பதிவாகியிருக்கும், நன்கொடை அதன் கணக்குக்கு வரும், சர்வர் செலவை அது பார்த்துக்கொள்ளும், யாராவது வழக்குப் போட்டால் தனி ஆள் தலையில் விழாமல் அது முன்னால் நிற்கும். 1999-இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை பதிவானதற்கு இந்தப் பாதுகாப்பு ஒரு முக்கியமான காரணம். அதுவரை அப்பாச்சி வெப் சர்வரைப் பராமரித்தது எந்தச் சட்ட உருவமும் இல்லாத ஒரு தன்னார்வலர் கூட்டம்.

பைத்தான் நிரல்மொழிக்காக 2001-இல் வந்த பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தான் என்ற வணிக முத்திரை அதனிடம் இருக்கிறது, பைபிஐ பேக்கேஜ் களஞ்சியத்தை இயக்குகிறது, மாநாடு நடத்துகிறது, மானியம் கொடுக்கிறது. ஆனால் மொழியில் புதிதாக ஒரு கீவேர்டு வரலாமா கூடாதா என்பது அதன் கையில் இல்லை. கோர் டெவலப்பர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 5 பேர் கொண்ட வழிநடத்தும் குழு அதை முடிவு செய்கிறது. ரஸ்ட் என்ற நிரல்மொழியிலும் அப்படித்தான்: 2021-இல் தொடங்கிய அறக்கட்டளை ஒரு பக்கம், மொழியையும் கம்பைலரையும் நடத்தும் குழுக்கள் இன்னொரு பக்கம்.

ஆகவே பணம், பெயர், சட்டம், சர்வர் பற்றிய கேள்வி என்றால் அறக்கட்டளையிடம் போங்கள். கோடு (மென்பொருளின் நிரல்), வடிவமைப்பு, ரிலீஸ், யாரை கமிட்டர் (கோடை நேரடியாக மாற்றும் உரிமை உள்ளவர்) ஆக்குவது என்றால் அந்தந்தக் குழுவிடம் போங்கள். இதை மாற்றிப் போட்டால், நல்ல எண்ணத்தோடு கேட்டாலும் பதில் வராது.

2. குழுவின் சாசனத்தைத் தேடிப் படியுங்கள்

எந்தக் குழுவாக இருந்தாலும் தன் எல்லையை எங்காவது எழுதி வைத்திருக்கும். சாசனம் என்பார்கள், சார்ட்டர் என்பார்கள், சில இடங்களில் ரெப்போவின் (கோடு இருக்கும் களஞ்சியத்தின்) முதல் கோப்பிலேயே நான்கு வரியாக இருக்கும். அதில் 'எங்கள் பொறுப்பு' என்ற பகுதியை விட 'எங்கள் பொறுப்பு அல்ல' என்ற பகுதியைக் கவனமாகப் படியுங்கள். பழைய தகராறுகள் எல்லாம் அங்கேதான் ஒற்றை வரியாகச் சுருங்கி உட்கார்ந்திருக்கும்.

இதில் குபர்னெட்டிஸ் திட்டம் (பல சர்வர்களில் ஓடும் மென்பொருள்களை நிர்வகிக்கும் மென்பொருள்) காட்டும் ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே இரண்டு வகைக் குழுக்கள் உண்டு. சிக் என்று அழைக்கப்படும் நிரந்தரக் குழுக்கள்தான் கோடின் உரிமையாளர்கள். நெட்வொர்க், ஸ்டோரேஜ், நோட் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று. பணிக்குழுக்கள் வேறு. பல சிக்குகளைத் தொடும் ஒரு பிரச்சினைக்காகக் கொஞ்ச காலம் கூடுவார்கள், எந்தக் கோடும் அவர்கள் பெயரில் இருக்காது, வேலை எப்போது முடிந்ததாகக் கொள்ளலாம் என்பதையும் தொடக்கத்திலேயே சாசனத்தில் எழுதவேண்டும். இது தெரியாமல் ஒரு பணிக்குழுவிடம் போய் 'என் புல் ரிக்வஸ்ட்டை (கோடு மாற்றக் கோரிக்கையை) மெர்ஜ் செய்யுங்கள்' என்று கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் யோசனையை மெருகேற்ற அவர்கள் உதவுவார்கள், கோடை உள்ளே விடுவது சிக்தான்.

சரி, நீங்கள் தொட நினைக்கும் கோப்பு யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் 'ஓனர்ஸ்' என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறதா பாருங்கள், இல்லை என்றால் ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரில் பாருங்கள். அதில் ரிவ்யூவர்கள் என்று ஒரு பட்டியலும் அப்ரூவர்கள் என்று இன்னொரு பட்டியலும் இருக்கும். கோடு சரியாக இருக்கிறது என்று சொல்வது முதல் பட்டியல், இந்த மாற்றம் இந்த இடத்துக்குத் தேவை என்று ஒப்புக்கொள்வது இரண்டாவது பட்டியல். இரண்டு தலையசைப்பும் வேண்டும். பெரும்பாலும் அதே கோப்பில் எந்த சிக்கின் லேபிள் ஒட்டவேண்டும் என்பதும் இருக்கும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இதைப் பார்க்காமல் அனுப்பிய புல் ரிக்வஸ்ட் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கலாம்.

3. யாருடைய வாக்கு எதற்குச் செல்லும்

அப்பாச்சியில் ஒரு ரிலீஸ் வாக்கெடுப்பைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்ல பாடம். ரிலீஸ் மேனேஜராக முன்வந்த ஒருவர் டெவ் மெயிலிங் லிஸ்ட்டுக்கு ஒரு மெயில் அனுப்புவார். தலைப்பில் 'வோட்' என்று இருக்கும். உள்ளே சோர்ஸ் கோப்புக்கான இணைப்பு, அதன் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்), கையொப்பக் கோப்பு, கிட் டேக் (அந்த வெர்ஷனைக் குறிக்கும் அடையாளம்), அப்புறம் வாக்கெடுப்பு குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்கும் என்ற வரி. பதில்கள் ஒவ்வொன்றாக வரும்: '+1, கையொப்பம் சரி, செக்சம் சரி, லைசென்ஸ் கோப்பு இருக்கிறது, சோர்ஸிலிருந்து பில்ட் ஆனது, டெஸ்ட் எல்லாம் ஓடியது.' திட்ட நிர்வாகக் குழுவில், அதாவது பி.எம்.சி.யில் இருப்பவர்களின் வாக்குக்குத்தான் கட்டுப்படுத்தும் சக்தி உண்டு. அப்படிப்பட்ட +1 (ஆதரவு வாக்கு) குறைந்தது மூன்று வரவேண்டும், எதிர்ப்பை விட ஆதரவு கூடுதலாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். ரிலீஸை யாரும் வீட்டோ செய்ய (தனி ஆளாகத் தடுக்க) முடியாது.

கோடு மாற்றம் வேறு கதை. அங்கே வாக்குரிமை உள்ள ஒருவர் -1 போட்டால் மாற்றம் நின்றுவிடும், ஆனால் அவர் தொழில்நுட்பக் காரணம் சொல்லியே ஆகவேண்டும். காரணம் இல்லாத வீட்டோ செல்லாது. அன்றாட வேலை முக்கால்வாசி வாக்கு இல்லாமலே நடக்கும்: 'இதைச் செய்யப்போகிறேன், யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்' என்று எழுதுவார்கள், மௌனம் சம்மதம்.

புதியவர்கள் இந்த வாக்கெடுப்பைப் பெரியவர்கள் விவகாரம் என்று ஒதுங்கி நின்று பார்க்கிறார்கள், அப்படி ஒதுங்கவே வேண்டாம். கோப்பை இறக்கி, பில்ட் செய்து, டெஸ்ட் ஓட்டி, எந்த ஓ.எஸ்., எந்த வெர்ஷன் என்று குறித்து, 'கட்டுப்படுத்தாத +1' என்று நீங்களும் எழுதலாம். எண்ணிக்கையில் சேராவிட்டாலும், பில்ட் உடைந்திருந்தால் முதலில் கண்டுபிடித்தவர் நீங்களாக இருக்கலாம். இதை நாலு ரிலீஸுக்குத் தொடர்ந்து செய்கிறவரைக் குழு கட்டாயம் கவனிக்கும்.

அந்த 72 மணி நேரத்துக்கும் அர்த்தம் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை, பலர் வேலை முடிந்து வந்து உட்காருகிறவர்கள். ரஸ்ட்டில் ஒரு ஆர்.எஃப்.சி. (மாற்றத்துக்கான முன்மொழிவு) முடிவாகும் முன் கடைசிக் கருத்துக்காலம் என்று 10 நாள் கொடுக்கிறார்கள். வீடியோ காலிலோ சாட்டிலோ நாலு பேர் பேசி ஒத்துக்கொண்டது முடிவு ஆகாது. அதைச் சுருக்கி எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதிப்போட்டு, வராதவர்களுக்கும் பேச வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் முடிவு. இதில் நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். எழுதப்படாத முடிவால் அடிபடுகிறவர் எப்போதும் தூரத்தில் இருக்கும் ஆள்தான்.

4. ஒரே வேலையை இரண்டு குழுக்கள் செய்தால் அதைத் திருத்தப் போகாதீர்கள்

'ஆன்ட் இருக்கும்போது எதற்கு மேவன்? ஸ்டார்ம், ஃபிளிங்க், ஸ்பார்க் எல்லாம் ஒரே அறக்கட்டளையில் எதற்கு? ஒன்றாக்கிவிடலாமே?' என்று புதியவர்கள் கேட்பது வழக்கம் (முதல் இரண்டும் பில்ட் கருவிகள், மற்ற மூன்றும் பெரிய அளவுத் தரவைச் செயலாக்குபவை). அறக்கட்டளை அதைச் செய்யாது. எது நல்லது என்று தேர்ந்தெடுப்பது அதன் வேலை இல்லை. ஒரு திட்டத்தை நடத்த ஆரோக்கியமான ஒரு சமூகம் இருக்கிறதா, விதிப்படி ரிலீஸ் செய்கிறதா, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கும். அப்பாச்சியில் ஒவ்வொரு பி.எம்.சி.யும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் குழுவுக்கு அறிக்கை அனுப்பவேண்டும். கோடு நன்றாக இருக்கிறதா என்பதை விட, புதிய கமிட்டர்கள் வருகிறார்களா, குழுவுக்குள் ஏதும் பிரச்சினையா என்பதில்தான் அவர்கள் கவனம் போகும்.

எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் வைத்துப் பார்த்த அனுபவம் அப்பாச்சிக்கு உண்டு. 1999-இல் தொடங்கிய ஜகார்த்தா திட்டம் சர்வர் பக்க ஜாவா மென்பொருள்களுக்கான பொதுக்குடை. ஆன்ட், டாம்கேட், ஸ்ட்ரட்ஸ், லூசீன், மேவன் எல்லாம் அதற்குள் இருந்தவை. (எக்லிப்ஸ் அறக்கட்டளையின் ஜகார்த்தா இ.இ. வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) குடை பெரிதாகப் பெரிதாக, ஒரே நிர்வாகக் குழு தான் படித்தே பார்க்காத கோடுக்கெல்லாம் பொறுப்பேற்க வேண்டிய நிலை வந்தது. ஒரு திட்டத்தில் வேலை செய்கிறவருக்கு அந்தத் திட்டத்தைப் பற்றிய முடிவில் முறையான குரல் இல்லை, குரல் இருக்கிறவருக்கு அந்தத் திட்டம் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றாகத் தனியே போயின: ஆன்ட் 2002-இல், மேவன் 2003-இல், டாம்கேட் 2005-இல். கடைசியில் 2011-இல் ஜகார்த்தாவே மூடப்பட்டது. வேலை செய்கிறவர் கையில்தான் வாக்கு இருக்கவேண்டும் என்ற விதி எவ்வளவு அடிப்படையானது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

5. இரண்டு குழுக்களைத் தொடும் வேலை வந்தால்

உங்களுக்குப் பெரிய சோதனை இங்கேதான். நீங்கள் ஒரு குழுவில் வேலை செய்கிறீர்கள், உங்கள் அம்சம் முழுமையாக வேலை செய்ய இன்னொரு குழுவின் லைப்ரரியில் ஒரு மாற்றம் வேண்டும். உங்கள் குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டிருந்தாலும் அந்த ஒப்புதலுக்கு அடுத்த குழுவில் ஒரு மதிப்பும் இல்லை. இதை மனதில் வைத்து எழுதுங்கள். பலர் எழுதுவது இப்படி இருக்கும்:

'எங்கள் குழு இந்த வடிவமைப்பை முடிவு செய்துவிட்டது. எங்கள் அடுத்த ரிலீஸுக்கு முன் உங்கள் பக்கத்தில் இதை மாற்றித் தரவும்.'

இது கட்டளை. கட்டளை போட அதிகாரம் இல்லாத ஒருவர் போட்ட கட்டளை. இப்படி எழுதிப் பாருங்கள்:

'வணக்கம், நான் இன்ன குழுவில் லாகிங் பகுதியில் வேலை செய்கிறேன். உங்கள் கன்ஃபிக் ரீடர் காலி மதிப்பைக் கண்டதும் எரர் கொடுத்து நின்றுவிடுகிறது. எங்களுக்குச் சில இடங்களில் காலி மதிப்பே சரியான மதிப்பு. எங்கள் பக்கத்திலேயே இதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் உங்கள் இஷ்யூ பட்டியலில் வேறு சிலரும் இதையே கேட்டிருப்பதைப் பார்த்தேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் பேட்ச், டெஸ்ட், ஆவணம் மூன்றையும் நானே எழுதித் தருகிறேன். உங்கள் திட்டத்துக்கு இது ஒத்துவராது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், நாங்கள் எங்கள் பக்கத்தில் பார்த்துக்கொள்கிறோம்.'

இதில் நீங்கள் யார் என்று இருக்கிறது, பிரச்சினை தனியாக இருக்கிறது, அவர்களுடைய பயனர்களுக்கு என்ன லாபம் என்று இருக்கிறது, வேலையை யார் செய்வார் என்று இருக்கிறது, மறுக்க ஒரு வாசலும் இருக்கிறது. அந்த வாசல் முக்கியம். மறுக்க வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதர்கள் நிதானமாக யோசிப்பார்கள்.

பெரிய மாற்றம் என்றால் மெயில் போதாது, எழுத்தில் ஒரு முன்மொழிவு வேண்டும். குபர்னெட்டிஸின் கெப் என்ற முன்மொழிவு ஆவணத்தோடு வரும் விவரக்கோப்பில் இரண்டு புலங்கள் உண்டு: உரிமையாளரான சிக் எது, பங்கேற்கும் சிக்குகள் எவை. உரிமையாளர் ஒன்றே ஒன்று. வேறு எந்த அறக்கட்டளையில் இருந்தாலும் இந்தப் பழக்கத்தை அப்படியே கடன் வாங்குங்கள். முன்மொழிவின் மேலேயே 'பொறுப்பு இந்தக் குழு, கலந்துபேச வேண்டியவை இந்தக் குழுக்கள்' என்று இரண்டு வரி. 'இரண்டு குழுக்களும் சேர்ந்து பொறுப்பு' என்று எழுதிய ஆவணத்துக்கு நடைமுறையில் யாரும் பொறுப்பில்லை, ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவார்கள்.

ரிலீஸ் தேதிகள் ஒத்துப்போகாது என்பதையும் முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் எப்போது ரிலீஸ் செய்வார்கள் என்பது அவர்கள் இஷ்டம். ஆகவே உங்கள் கோடு அவர்களுடைய பழைய வெர்ஷனோடும் ஓடவேண்டும், புதியதோடும் ஓடவேண்டும். அப்புறம், பேட்ச் உள்ளே போனதும் காணாமல் போய்விடாதீர்கள். அடுத்த சில மாதம் அந்தப் பகுதியில் வரும் பக் ரிப்போர்ட்டுகளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், ஏனென்றால் இனிமேல் அந்தக் கோடைக் காலமெல்லாம் சுமக்கப்போவது அவர்கள். இப்படி ஒட்டிக்கொண்டிருந்து இரண்டு குழுக்களிலும் கமிட்டர் ஆனவர்கள் இருக்கிறார்கள், அறக்கட்டளைக்குள் குழுக்கள் ஒத்துப்போவது பெரும்பாலும் அவர்களால்தான்.

6. ஒத்துப்போகவில்லை என்றால்

முதலில் அதே இடத்தில், அதே ஆட்களோடு, வேறு வார்த்தையில் இன்னொரு முறை பேசிப் பாருங்கள். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒருவரை நடுவில் கூப்பிடுங்கள். மேலே எடுத்துப் போவது கடைசிப் படி.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் இதைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. இரண்டு டெவலப்பர்களின் அதிகார எல்லை ஒன்றின் மேல் ஒன்று வந்தால் தொழில்நுட்பக் குழு முடிவு செய்யலாம், ஆனால் பேசித்தீர்க்கும் முயற்சி நடந்து தோற்ற பிறகுதான் அந்தக் குழு கையை வைக்கவேண்டும். அதே ஆவணம் இன்னொன்றும் சொல்கிறது: யாரும் எந்த வேலையையும் செய்யக் கடமைப்பட்டவர் அல்ல, ஆனால் முறைப்படி எடுத்த முடிவுக்கு எதிராக வேலை செய்யவும் கூடாது. தன்னார்வலர்களை வைத்து நடத்தும் எந்த அமைப்புக்கும் இந்த இரண்டு வரிகள் பொருந்தும்.

மேலே கொண்டுபோனால் எவ்வளவு வலிக்கும் என்பதையும் டெபியனே காட்டியது. கணினி தொடங்கும்போது மற்ற நிரல்களை இயக்கிவைக்கும் இனிட் சிஸ்டமாக இயல்பாக எது இருக்கவேண்டும் என்ற கேள்வி தொழில்நுட்பக் குழுவுக்குப் போய், வாக்குகள் சமமாகப் பிரிந்து, 2014 பிப்ரவரியில் தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்-டி தேர்வானது. அதோடு முடியவில்லை, அதே வருடம் நவம்பரில் எல்லா டெவலப்பர்களும் வாக்களிக்கும் அளவுக்குப் போய், பொதுத் தீர்மானமே தேவையில்லை என்ற விருப்பம் வென்றது. அந்த வருடத்தில் களைத்துப்போய் பொறுப்பை விட்டவர்களும் உண்டு.

7. யாராக இருந்தாலும் மீறக் கூடாதவை

குழுக்களுக்குச் சுதந்திரம் உண்டு என்றாலும் சில விஷயங்கள் அறக்கட்டளை முழுவதற்கும் ஒன்றுதான். லைசென்ஸ்: அப்பாச்சி திட்டம் ஒன்றின் ரிலீஸுக்குள் ஜி.பி.எல். என்ற லைசென்ஸில் வந்த கோடைச் சேர்க்க முடியாது, குழு முழுவதும் விரும்பினாலும் முடியாது. பெயர்: திட்டத்தின் பெயரை உங்கள் ஆப்புக்கோ கம்பெனிக்கோ வைப்பதற்கு முன் வணிக முத்திரைக் கொள்கையைப் படியுங்கள். நடத்தை விதி: இதற்கு விளக்கம் தேவையில்லை.

பாதுகாப்பு ஓட்டையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். பொது இஷ்யூவாகப் போடாதீர்கள், பாதுகாப்புக்கென்று இருக்கும் தனி முகவரிக்கு எழுதுங்கள். 2021 டிசம்பரில் லாக்-ஃபோர்-ஜே என்ற அப்பாச்சி லைப்ரரியின் ஓட்டை வெடித்தபோது அறக்கட்டளையின் பாதுகாப்புக் குழு ஒருங்கிணைத்தது, ஆனால் திருத்தத்தை எழுதி ரிலீஸ் செய்தது லாகிங் குழுவின் விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள். அதே லைப்ரரியைப் பயன்படுத்திய மற்ற அப்பாச்சி திட்டங்கள் தங்கள் தங்கள் பக்கத்தை அவரவரே சரிசெய்தார்கள். அவசர நேரத்தில்கூடப் பொறுப்பு இப்படித்தான் பிரிந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

8. எந்தத் தொப்பியோடு பேசுகிறீர்கள் என்று சொல்லுங்கள்

அப்பாச்சியில் கமிட்டர் ஆவது ஆள், அவருடைய கம்பெனி அல்ல. வேலை மாறினாலும் அந்த இடம் அவரோடு போகும். பைத்தானின் வழிநடத்தும் குழுவில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. நீங்கள் கம்பெனி வேலையாக வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், 'இது என் நிறுவனத்தின் தேவை', 'இது என் சொந்தக் கருத்து' என்று பிரித்து எழுதுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பின்னால் தெரியவந்தால்தான் நம்பிக்கை போகும்.

9. புதுக் குழு தொடங்குவதும் மூடுவதும்

ஒரு யோசனை எந்தக் குழுவின் எல்லைக்குள்ளும் அடங்கவில்லை என்று தோன்றினால் உடனே தனிக்குழு கேட்காதீர்கள். இருக்கிற குழுக்களில் இரண்டு மூன்றிடம் பேசி, அவர்களில் யாராவது ஆதரவு தருவார்களா என்று பாருங்கள். குபர்னெட்டிஸில் பணிக்குழு தொடங்க ஏதாவது சிக்குகள் பின்னால் நிற்கவேண்டும். அப்பாச்சிக்கு முழுத் திட்டத்தையே கொண்டுவருகிறீர்கள் என்றால் 2002-இல் தொடங்கிய இன்குபேட்டர் வழியாக வரவேண்டும். அங்கே வழிகாட்டிகள் உட்கார்ந்து, ரிலீஸ் எப்படிச் செய்வது, வெளியாட்களைக் குழுவுக்குள் எப்படிச் சேர்ப்பது என்று பழக்குவார்கள். கோடு எவ்வளவு பெரியது என்று பார்ப்பதில்லை. ஒரே கம்பெனிக்காரர்கள் மட்டும் இருக்கும் கூட்டம், வெளியிலிருந்து ஆட்கள் வரும் சமூகமாக மாறுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

மூடுவதில் அவமானம் எதுவும் இல்லை. அப்பாச்சியில் ஆள் இல்லாமல் போன திட்டங்களுக்காக 2008-இலிருந்து 'ஆட்டிக்' என்று ஒரு இடம் இருக்கிறது. கோடு படிக்கக் கிடைக்கும், புதிய ரிலீஸ் வராது, யாராவது எடுத்து நடத்த விரும்பினால் அதற்கும் வழி உண்டு. நீங்கள் இருக்கும் பணிக்குழு கலைகிறது என்றால் கடைசிக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: முடியாமல் இருக்கும் இஷ்யூக்கள் ஒவ்வொன்றும் இனி எந்தக் குழுவின் பட்டியலுக்குப் போகிறது? அதை எழுதி வாங்கி, அந்தக் குழுவின் மெயிலிங் லிஸ்ட்டில் அடுத்த நாளே சேர்ந்துவிடுங்கள்.